யந்திரத்தின் பிழையும் உரிமையாளரின் முறையீடும்

நெடுஞ்சாலையிலே ஒரு மோட்டார் வண்டி செல்கின்றது. முன்னே வண்டியில்லை, ஆளில்லை, ஆடுமாடு இல்லை, பள்ளமுமில்லை. சாரதியின் கால் பிரேக்கைத் தீண்டவுமில்லை. எனினும் வண்டி தானே பிரேக்கைப் போட்டுக்கொண்டு திடீரென வேகங் குன்றுகின்றது. பின்னே வருகிறவன் விலகினால் பிழைத்தான், விலகாவிடின் மோதினான். இக்குற்றம் யாருடையது? வண்டியை ஓட்டியவனுடையதா? பின்னே வந்தவனுடையதா? அன்றி, அவ்வண்டிக்குள் கண்ணும் மூளையும் போன்ற ஒரு கருவியை வைத்து விற்றவனுடையதா? சென்ற சில ஆண்டுகளாக அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வண்டியின் உரிமையாளர் நூற்றுக்கணக்கானோர் இக்கேள்வியைத் தங்கள் சர்க்காரிடம் எழுப்பி வந்திருக்கின்றனர். அவர்கள் கேட்டதையும், கம்பெனிகள் சொன்ன சமாதானத்தையும், இவ்விரண்டிலிருந்தும் நம்மவர் அறியத்தக்கதையும் இன்று எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

முதலில், இக்கருவிகளின் இயல்பைச் சிறிது கூறுவோம். இக்காலத்து மோட்டார் வண்டிகளில் சாரதிக்கு உதவியாகப் பலவிதக் கருவிகள் பொருத்தப்படுகின்றன. முன் செல்லும் வண்டிக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைப்பது ஒன்று. சாலைக் கோட்டை விட்டு வண்டி விலகாதபடி சக்கரத்தைத் திருப்புவது மற்றொன்று. மோதல் நேருமென்று தோன்றினால் தானே பிரேக் போடுவது வேறொன்று. இவற்றிற்குக் கண்களாக இருப்பவை காமிராவும் ரேடாருமாம். காமிரா எதிரிலுள்ள காட்சியைப் படம் பிடிக்கின்றது. ரேடார் ரேடியோ அலைகளை அனுப்பி, அவை பொருள்களின்மேற் பட்டுத் திரும்புவதைக்கொண்டு தூரத்தையும் வேகத்தையும் அளக்கின்றது. இவை தரும் செய்திகளைக் கம்ப்யூட்டர் ஒன்று நொடிக்குப் பலமுறை ஆராய்ந்து, முன்னே உள்ளது இடையூறா அல்லவா என்று தீர்மானிக்கின்றது.

இக்கருவிகளால் நன்மையே இல்லையென்று நாம் சொல்ல வரவில்லை. தானே பிரேக் போடும் கருவியுள்ள வண்டிகள் முன்வண்டியின்மேல் மோதும் விபத்துக்கள் சுமார் பாதியளவு குறைந்திருப்பதாக அமெரிக்காவிலுள்ள நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான இன்ஷூரன்ஸ் ஸ்தாபனம் கண்டிருக்கின்றது. இது சிறிய நன்மையன்று. எத்தனையோ உயிர்கள் இதனாற் காக்கப்படுகின்றன. ஆனால், ஒரு கருவி பலரைக் காப்பாற்றுகின்றது என்பது, அது சிலரை அபாயத்துக்குள்ளாக்குவதற்கு அனுமதிச் சீட்டு ஆகமாட்டாது. நல்ல மருந்தேயாயினும், ஒரு குப்பியில் விஷங் கலந்திருந்தால், அக்குப்பியை வாங்கினவன் வாயடைத்திருக்க வேண்டுமென்று யாரும் சொல்லார்.

கருவியின் கண் இரண்டு வகையாகத் தவறலாம். உள்ளதை இல்லையென்று கொள்ளலாம். இல்லாததை உள்ளதென்று கொள்ளலாம். முதற்பிழையால் வண்டி நிற்கவேண்டிய இடத்தில் நில்லாது. இரண்டாம் பிழையால் நிற்கக்கூடாத இடத்தில் நிற்கும். பாலத்தின் இரும்புச் சட்டம், சாலையிற் பதித்த உலோகத் தகடு, மரத்தின் நிழல், எதிர்த்திசையில் வரும் லாரி ஆகியவற்றை இடையூறென்று மயங்கி வண்டி தளர்ந்துவிடுவது இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தது. பேயைக் கண்டு மிரண்ட மாடு நடுவழியில் நின்றுவிடுவதைப் போலிருப்பதால், அமெரிக்கர் இதனைப் ‘பேய் பிரேக்’ என்ற பொருள்பட அழைக்கின்றனர். பெயர் நகைப்புக்கிடமானது, விளைவு நகைப்புக்கிடமானதன்று. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 28 மீட்டர் தூரத்தைக் கடந்துவிடுகின்றது. பின்னே வருகிறவன் நிலைமையை உணர்வதற்குள் அத்தூரம் போய்விடும்.

நிற்க. 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் டெஸ்லா கம்பெனியார், வட அமெரிக்காவில் விற்கும் தங்கள் ‘மாடல் 3’, ‘மாடல் ஒய்’ என்னும் வண்டிகளில் இனி ரேடார் இராதென்றும், காமிராக்களே போதுமென்றும் அறிவித்தனர். அதன் பின்னர் இவ்வகைப் புகார்கள் பெருகின. 2022 பிப்ரவரியில் ‘வாஷிங்டன் போஸ்ட்’ பத்திரிகை கணக்கிட்டு வெளியிட்டபடி, முந்திய 22 மாதங்களில் 34 புகார்களே வந்திருக்க, அடுத்த 3 மாதங்களில் மாத்திரம் 107 புகார்கள் வந்தன. அதே மாதத்தில் அமெரிக்க சர்க்காரின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், தனக்கு 9 மாதங்களில் வந்த 354 புகார்களை ஆதாரமாகக் கொண்டு, சுமார் 4 லட்சத்து 16 ஆயிரம் வண்டிகளைக் குறித்து விசாரணை தொடங்கிற்று. மே மாதத்தில் அந்நிர்வாகம் கம்பெனிக்கு எழுதிய கடிதத்தில் புகார்களின் தொகை 758 ஆக உயர்ந்துவிட்டது. வேகமாகச் செல்லும்போது முன்னறிவிப்பின்றி வண்டி தளர்கின்றது என்பதும், ஒரே பிரயாணத்தில் இது பலமுறை நேர்கின்றது என்பதும் அப்புகார்களின் சாரம்.

இது ஒரு கம்பெனியின் குறை மாத்திரமன்று. 2019 மார்ச்சில் ‘மோட்டார்ப் பாதுகாப்பு மையம்’ என்ற பொதுஜன ஸ்தாபனம், நிஸான் கம்பெனியின் ‘ரோக்’ வண்டிகளைப் பற்றி மேற்படி நிர்வாகத்திடம் மனுச் செய்துகொண்டது. ரயில் பாதையைக் கடக்குமிடங்களிலும், பாலங்களிலும், வண்டி நிறுத்தும் கட்டிடங்களிலும் அவை காரணமின்றிப் பிரேக் போட்டன என்பது புகார். அவ்வாண்டு செப்டம்பரில் 5,53,860 வண்டிகளைப் பற்றி விசாரணை தொடங்கியபோது, கம்பெனிக்கும் சர்க்காருக்கும் வந்திருந்த முறையீடுகள் 843. நேர்ந்த மோதல்கள் 14. காயமுற்றோர் 5 பேர். 2022 பிப்ரவரியில் ஹோண்டா கம்பெனியின் ‘அக்கார்ட்’, ‘சி.ஆர்.-வி.’ வண்டிகள் சுமார் 17 லட்சத்தைக் குறித்து, 278 புகார்களின்மேல் மற்றொரு விசாரணை எழுந்தது. 2024-இல் அவ்விசாரணை மேற்படிக்கு உயர்த்தப்பட்டது.

இனிக் கம்பெனிகளின் விடையைக் கேளுங்கள். ஹோண்டா கம்பெனியார் அமெரிக்க நிர்வாகத்துக்குச் சொன்ன சமாதானம், புகார் செய்தவர்களிற் சிலர் இக்கருவியையும் அதன் வரம்புகளையும் சரிவரப் புரிந்துகொள்ளவில்லை என்பதாகும். பழுது பார்க்கும் கடைக்கு வண்டியைக் கொண்டுபோன உரிமையாளர் பலர், “எங்களிடம் அக்குறை தோன்றவில்லை; இது இயல்பே” என்ற பதிலைப் பெற்றுத் திரும்பினர். வண்டி விற்கும் நாளில் வாங்குவோன் அறிவாளி. குறை சொல்லும் நாளில் அவனே அறியாதவன்! இவ்விந்தையான மாறுதலை நாம் கண்டிக்காமலிருக்க முடியவில்லை.

ஒருவன் தன் வண்டியின் கருவியைப் புரிந்துகொள்ளவில்லையென்றால், அதனை அவனுக்குப் புரியவைக்கத் தவறியவர் யார்? டெஸ்லா கம்பெனியார் தங்கள் கருவிக்கு ‘ஆட்டோபைலட்’ என்றும், அதனினும் மேற்பட்டதற்கு ‘முழுத் தானோட்டம்’ எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயரும் சூட்டி விற்றனர். அதே கம்பெனியின் கையேட்டிலோ, சாரதி எப்பொழுதும் கவனமாயிருந்து சக்கரத்தைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டுமென்று எழுதியிருந்தது. ‘முழுத் தானோட்டம்’ என்ற பெயருடன் ‘மேற்பார்வைக்குட்பட்டது’ என்ற சொல் சேர்ந்தது 2024-ஆம் ஆண்டிலேதான். விளம்பரத்திலே யந்திரம் எஜமானன். வழக்கு வந்தால் யந்திரம் வெறும் உதவியாள், பொறுப்பெல்லாம் சாரதியுடையது. இலாபத்துக்கு ஒரு பேச்சும் நஷ்டத்துக்கு ஒரு பேச்சுமாக இரண்டு நாக்குடன் வியாபாரம் செய்வதை எந்த நாட்டு நியாயமும் ஒப்பாது.

இன்னொன்றும் இதனோடு சேர்த்துப் பார்க்கத்தக்கது. 2023 மே மாதத்தில் ஜெர்மனியின் ‘ஹாண்டெல்ஸ்பிளாட்’ பத்திரிகை, டெஸ்லா கம்பெனிக்குள்ளிருந்து தனக்குக் கிடைத்த ஏராளமான பத்திரங்களை ஆராய்ந்து செய்தி வெளியிட்டது. 2015 முதல் 2022 மார்ச் வரையிலான அப்பத்திரங்களில், வண்டி தானே வேகங் கொண்டதாக 2,400-க்கு மேற்பட்ட புகார்களும், பிரேக் சம்பந்தமாக 1,500-க்கு மேற்பட்ட புகார்களும் இருந்தனவென்றும், அவற்றுள் 139 வேண்டாத அவசரப் பிரேக்குகளைப் பற்றியவையென்றும், 383 பொய்யான மோதல் எச்சரிக்கையால் வண்டி நின்றவையென்றும் அப்பத்திரிகை தெரிவித்தது. வாடிக்கைக்காரர்களுக்குத் தொழில்நுட்ப முடிவுகளை எழுத்தில் கொடாமல் வாய்மொழியாகவே சொல்லவேண்டுமென்று சிப்பந்திகளுக்கு உத்தரவு இருந்ததாகவும் அது எழுதிற்று. இது மெய்யாயின், அதன் கருத்து விளக்கம் வேண்டாதது. காற்றிற் போன சொல்லைக் கோர்ட்டுக்குக் கொண்டுவர முடியாது. தாளில் நின்ற சொல்லைக் கொண்டுவரலாம்.

“பேய் பிரேக் வேண்டாமென்றால் கருவியின் கூர்மையைச் சற்றே தணித்துவிட்டாற் போயிற்று, இதற்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்?” என்று ஒருவர் கேட்கலாம். அவ்வாறு தணிப்பதில் உள்ள அபாயத்துக்கு ஒரு சாட்சி உண்டு. அது உரிமையாளர் ஒருவருடைய வண்டியன்று. ஊபர் கம்பெனியார் தாமே ஓடும் வண்டியாகச் சோதித்துப் பார்த்த ஒன்று. 2018 மார்ச் 18-ஆம் நாளிரவு, அரிஸோனா மாகாணத்து டெம்பி நகரில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு ஸ்திரீயின்மேல் அவ்வண்டி மோதிற்று, அவர் மாண்டார். மோதுவதற்கு 5 நொடிக்கு முன்பே வண்டியின் கருவிகள் எதிரே ஏதோ இருப்பதைக் கண்டிருந்தன. ஆனால், வண்டி வீணாகத் திடுக்கிட்டு நில்லாதிருக்கும் பொருட்டு, கம்ப்யூட்டர் ஓட்டும் வேளையில் அவசரப் பிரேக் செயற்படாதபடி அதன் அமைப்பு இருந்தது என்று அந்நாட்டுத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு போர்டு கண்டறிந்தது. பொய்ப் பயத்தை நீக்கப் போனவர்கள் மெய்ப் பயத்தையும் நீக்கிவிட்டார்கள்.

அதன்பின் நடந்ததென்ன? 2019-இல் கம்பெனியின்மேல் கிரிமினல் குற்றஞ் சாட்ட ஆதாரமில்லையென்று பிராஸிக்யூட்டர் அறிவித்தார். வண்டியில் அமர்ந்து மேற்பார்வை செய்திருந்த ஊழியரோ குற்றஞ் சாட்டப்பட்டு, 2023-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 3 ஆண்டு கண்காணிப்புத் தண்டனை பெற்றார். அவ்வூழியரின் கண் சாலையின்மேல் இருக்கவில்லையென்பது உண்மை. அவர் குற்றமற்றவரென்று நாம் வாதிக்கவில்லை. ஆயினும், யந்திரமும் மனிதனும் சேர்ந்து தவறிய இடத்தில் தண்டனை மனிதனை மாத்திரமே நாடிச் சென்றதை நேயர்கள் மனத்திற் குறித்துக்கொள்ள வேண்டும். சம்பளத்துக்கு வண்டியோட்டுகிற ஒவ்வொரு சாரதிக்கும் இது நாளை தன்னைத் தொடக்கூடிய விஷயம்.

ஆகவே, பிரேக் அதிகம் போடுவதா குறைவாகப் போடுவதா என்பது மட்டும் இங்கே வினாவன்று. இரண்டு பிழைகளையும் ஒருங்கே குறைக்கும்படி கருவியைத் திருத்த வேண்டும். அப்படித் திருத்துவதற்கு, அது எங்கே, எப்பொழுது, எவ்வாறு தவறுகின்றதென்ற செய்தி வேண்டும். அச்செய்தியைத் தரக்கூடியவர் யார்? அமெரிக்க நிர்வாகம் 2021 ஜூனில், இத்தகைய கருவிகள் இயங்கும்போது நேரும் மோதல்களைக் கம்பெனிகள் தெரிவிக்க வேண்டுமென்று கட்டளையிட்டது. நல்ல கட்டளையே. ஆயினும் மோதல் நேர்ந்தபின் அல்லவா அது பயன்படும்? வண்டி வீணாக நின்று, பின்வந்தவன் தெய்வாதீனமாக விலகிப்போன சம்பவம் எந்த போலீஸ் ஏட்டிலும் ஏறாது. எந்த ஆஸ்பத்திரிக் கணக்கிலும் வாராது. அதற்கு உள்ள ஒரே சாட்சி வண்டிக்குள் இருந்தவன். அவன் எழுதினால் உண்டு; எழுதாவிடில் அது நடக்காத காரியமாகிவிடும். அடுத்த முறை அதே வண்டி நிற்கும்போது பின்னே வருகிறவன் விலகுவானென்பது என்ன நிச்சயம்? உரிமையாளரின் புகார் வெறும் முணுமுணுப்பன்று. வரப்போகும் மரணத்துக்கு முன்கூட்டி எழுதப்பட்ட எச்சரிக்கை என்று நாம் கருதுகின்றோம்.

அமெரிக்கர் இவ்வழியை ஒரே நாளிற் பெற்றுவிடவில்லை. விபத்தெல்லாம் சாரதியின் குற்றமே என்று மோட்டார்க் கம்பெனிகள் பல்லாண்டுகளாகச் சொல்லி வந்தன. 1965-ஆம் ஆண்டில் ரால்ப் நேடர் என்ற இளம் வக்கீல் வண்டிகளின் அமைப்பிலேயே குற்றமிருப்பதை ஒரு நூலிற் காட்டினார். அடுத்த ஆண்டிலேயே மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று. அதன் வழியாக வந்த நிர்வாகத்துக்கு எந்த உரிமையாளனும் புகார் எழுதலாம். அப்புகார் பெயர் நீக்கப்பட்டுப் பொதுஜனங்கள் படிக்கும்படி வைக்கப்படுகின்றது. பத்திரிகைக்காரனும், வக்கீலும், அதே வண்டியை வாங்க நினைப்பவனும் அதனைக் காணலாம். தனியொருவன் சொன்னால் “உனக்குப் புரியவில்லை” என்று சொல்லி அனுப்பிவிடலாம். எழுநூற்றைம்பத்தெட்டுப் பேர் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே சங்கதியை எழுதும்போது அவ்வாறு சொல்லி அனுப்ப முடியாது. அந்நாட்டு நிர்வாகம் 2024 ஏப்ரலில் இயற்றிய விதி, 2029 செப்டம்பரிலிருந்து புதிய கார்களிலெல்லாம் தானே பிரேக் போடும் கருவி இருக்க வேண்டுமென்று குறித்ததோடு, சாலையிற் கிடக்கும் இரும்புத் தகட்டைக் கண்டும், நிறுத்தியிருக்கும் இரண்டு வண்டிகளினிடையே செல்லும்போதும் கருவி வீணாகப் பிரேக் போடாதிருக்கின்றதா என்ற சோதனையையும் சேர்த்தது. பொய்ப் பிரேக்கும் ஒரு குற்றமே என்று விதியின் வாயாலேயே ஒப்புக்கொண்டாயிற்று.

நமது நாட்டின் நிலையைப் பார்ப்போம். 2021 முதல் மஹிந்திராவின் ‘எக்ஸ்.யு.வி. 700’ போன்ற வண்டிகளில் இக்கருவிகள் நம் சாலைகளிலும் ஓடத் தொடங்கிவிட்டன. பெரிய பஸ்களிலும் லாரிகளிலும் தானே பிரேக் போடும் கருவியைக் கட்டாயமாக்கும் வரைவு விதிகளை மத்திய சர்க்கார் 2025-இல் வெளியிட்டனர். கோட்டில்லாத சாலையும், எதிர்த்திசையில் வரும் சைக்கிளும், குறுக்கே போகும் மாடும், ஒரு சாண் இடைவெளியில் ஒட்டிச் செல்லும் ஆட்டோ ரிக்ஷாவும் நம் நாட்டில் அன்றாடக் காட்சி. ஒழுங்கான சாலைகளிலேயே மயங்கும் கண், இங்கே மயங்காதென்று யார் உறுதி கூறுவர்?

நம்மிடம் சட்டம் இல்லாமலில்லை. 2019-ஆம் ஆண்டின் திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைத்துப் பழுது நீக்கவோ, வேறு வண்டி கொடுக்கவோ, பணத்தைத் திருப்பித் தரவோ கம்பெனியைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் அதனால் மத்திய சர்க்காருக்கு உண்டு. 2021-இல் விதிகளும் வந்தன. 10 லட்சம் ரூபாய் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் குறிக்கப்பட்டது. ஆனால் அச்சட்டத்தின்படி, உரிமையாளர்களின் புகாரைக்கொண்டு நடவடிக்கை எடுக்க வேண்டுமானால், நூற்றுக்கு இத்தனை பேர் என்று குறித்த அளவினர் முறையிட்டிருக்க வேண்டும். சோதனை ஸ்தாபனத்தின் மூலமாகவோ வேறு வழியாகவோ குறை தெரிந்தாலும் சர்க்கார் செயற்படலாமென்பது உண்மையே. எனினும், குடிகளின் சொல்லுக்கு மாத்திரம் தலையெண்ணிக்கை கேட்பது நமக்கு உவப்பாயில்லை. அமெரிக்காவிலே 4 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 354 புகார்கள் போதுமாயிருந்தன. அஃது ஆயிரத்துக்கு ஒன்றுகூட ஆகவில்லை. பிரேக்கைப் பற்றிய புகாரும், கதவின் சாயத்தைப் பற்றிய புகாரும் ஒரே தராசில் நிறுக்கத்தக்கவை அல்ல.

ஆதலின் நாம் வற்புறுத்துவன மூன்று. முதலாவது, பிரேக்கும் சக்கரமும் தாமே இயங்கிய புகார்களுக்கு எண்ணிக்கை வரம்பு பாராமல் உடனே விசாரணை தொடங்க வேண்டும். இரண்டாவது, உரிமையாளரின் புகார்களைப் பெயர் நீக்கி, மாதந்தோறும், யாரும் படிக்கும்படி, இந்நாட்டு மொழிகளில் சர்க்கார் வெளியிட வேண்டும். மூன்றாவது, சம்பவம் நேர்ந்த அந்நொடியில் கருவி என்ன கண்டது, என்ன செய்தது என்ற குறிப்பைக் கேட்ட உரிமையாளனுக்குக் கம்பெனி எழுத்து மூலம் கொடுத்தே தீரவேண்டும். கணக்கேட்டை ஒரு கட்சியே பூட்டி வைத்துக்கொண்டு, மற்றக் கட்சியைப் பார்த்து “உன்னிடம் ருஜு உண்டா?” என்று கேட்பது வழக்காகாது.

உரிமையாளருக்கும் ஒரு கடமையுண்டு. வண்டி ஒருமுறை வீணாக நின்றால், “நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை” என்று சொல்லிக்கொண்டு கருவியை அணைத்துவிட்டுப் போவது நம்மவர் பெரும்பாலோரின் வழக்கம். அவ்வாறு போகாதிருப்பார்களாக. நாள், நேரம், இடம், வேகம், முன்னே இருந்தது யாது, பின்னே வந்தது யாது என்பவற்றை அன்றே எழுதி வைத்து, கம்பெனிக்கும் சர்க்காருக்கும் அனுப்பி, பதிலை எழுத்தில் கேட்பார்களாக. தமக்கு ஒன்றும் நேராதது தம் பாக்கியம். அதே கருவியுள்ள மற்றொரு வண்டியின் பின்னே, குழந்தையை முன்னே உட்காரவைத்து மோட்டார் சைக்கிளில் வருகிற ஏழைக்கு அப்பாக்கியம் வாய்க்குமென்பது என்ன நிச்சயம்? அவனுக்காகவும் அந்தக் கடிதம் எழுதப்பட வேண்டும்.